பழைய கணிப்பொறிக்குப் புதிய இயங்கு தளம்

நாடெங்கும் பள்ளிகளிலும், வட்டார வளர்ச்சி அலுவலகங்களிலும், வேளாண்மை விரிவாக்க நிலையங்களிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்ட மேஜைக் கணிப்பொறிகள் இன்றும் இருந்து வருகின்றன. அவற்றுள் பல ஓடுகின்றன. ஆனால் மிக மெதுவாக ஓடுகின்றன. காலையில் விசையை அழுத்திவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, வேறொரு காரியத்தையும் முடித்துக்கொண்டு வந்த பின்னரே திரை வேலைக்குத் தயாராகிறது. "இது பழையதாகிவிட்டது; புதியது வந்தால்தான் விமோசனம்" என்று அலுவலர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். புதியது வாங்குவதற்கோ நிதி ஒதுக்கீடு வேண்டும். அது வரும்வரை வேலை தேங்குகிறது. மாணவர்கள் கணிப்பொறிப் பாடத்தைக் கரும்பலகையில் மட்டுமே கற்கின்றனர்.

இம்முடிவு எல்லாச் சமயங்களிலும் சரியானதன்று. கணிப்பொறி என்பது ஒரே பொருளன்று; பல உறுப்புகள் சேர்ந்த ஒரு கூட்டு. அவ்வுறுப்புகள் யாவும் ஒரே சமயத்தில் மூப்படைவதில்லை. அச்சாணி முறிந்ததென்று வண்டியையே விறகாக்குவார் யாருமில்லை. எந்த உறுப்பு தளர்ந்துள்ளது என்று ஆராய்ந்து, அதை மட்டும் மாற்றி, தகுந்த புதிய இயங்கு தளத்தை நிறுவினால், பழைய யந்திரம் இன்னும் சில ஆண்டுகள் நல்ல முறையில் உழைக்கும். அதே சமயம், எல்லா யந்திரங்களையும் காப்பாற்றிவிட முடியாது என்பதும் உண்மையே. காப்பாற்றக்கூடியது எது, கைவிடத்தக்கது எது என்று பகுத்தறியும் முறை கீழே விளக்கப்படுகிறது.

இயங்கு தளமும் அதன் ஆயுளும்

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் மனிதர் உபயோகிக்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, எந்தப் பணிக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்புக்கு எந்த இடம், எந்தச் செய்தி அச்சுப்பொறிக்குச் செல்லவேண்டும் என்றெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளே இயங்கு தளம் எனப்படும். கோடிக்கணக்கான கட்டளைகளைக் கொண்ட இத்தகைய மென்பொருளில் குறைகள் இல்லாமல் இருப்பது அரிது. தயாரிப்பாளர்கள் அக்குறைகளை அவ்வப்போது கண்டுபிடித்துத் திருத்தங்களை அனுப்பி வருகின்றனர். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இத்திருத்தங்கள் நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்.பி.-க்கு 2014-ம் ஆண்டு ஏப்ரல் 8-ம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ம் தேதியும் அவ்வாறு முடிவு நாட்களாக அமைந்தன. விண்டோஸ் 10-ஐத் தொடர்ந்து உபயோகிக்கும் தனி நபர்கள் 2026-ம் ஆண்டு அக்டோபர் 13-ம் தேதி வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுவதற்கு ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அஃது அவகாசமேயன்றி நிரந்தரப் பரிகாரமன்று.

முடிவு நாள் கடந்தவுடன் கணிப்பொறி நின்றுவிடுவதில்லை. முன்போலவே ஓடும். ஆபத்து அங்கேதான் மறைந்திருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு குறையும் அதற்குப் பின் திறந்த கதவாகவே நிலைத்துவிடுகிறது.

இதன் விளைவை 2017-ம் ஆண்டில் உலகம் கண்டது. விண்டோஸில் இருந்த ஒரு குறைக்கு அவ்வாண்டு மார்ச் 14-ம் தேதி திருத்தம் வெளியிடப்பட்டது. இரண்டு மாதம் கழிந்த பின், மே 12-ம் தேதி, அதே குறையின் வழியாக "வான்னாக்ரை" என்னும் தீய மென்பொருள் பரவத் தொடங்கியது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. சில நாட்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் குறித்திருந்த நாட்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. உரிய காலத்தில் திருத்தத்தைப் பெற்றிருந்த கணிப்பொறிகள் இந்தக் குறையின் வழியாக வந்த தாக்குதலிலிருந்து தப்பின.

பள்ளிக் கணிப்பொறியில் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழ் விவரங்களும் இருக்கின்றன. கள அலுவலகத்தில் பயனாளிகளின் பெயர், வங்கிக் கணக்கு, ஆதார் எண் முதலியன இருக்கின்றன. பூட்டப்பட்டாலும், பிறர் கைக்குப் போனாலும் நஷ்டமடைவோர் அந்த எளிய மக்களே. ஆதலால் இயங்கு தளத்தைப் புதுப்பித்தல் வேகத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. பொறுப்பைப் பற்றிய விஷயமும் ஆகும்.

முதலில் நாடி பார்த்தல்

வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பதுபோல, எந்த மாற்றமும் செய்யுமுன் யந்திரத்தின் விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் "சிஸ்டம்" என்னும் பகுதியில் ப்ராஸசரின் பெயர், ராமின் அளவு, இயங்கு தளம் 32 பிட்டா 64 பிட்டா என்பன காட்டப்படும். இவற்றோடு ஹார்ட் டிஸ்கின் கொள்ளளவு, மதர்போர்டின் பெயர், இணைக்கப்பட்டுள்ள அச்சுப்பொறி, ஸ்கேனர் முதலிய கருவிகளின் மாதிரி எண் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தல் நலம்.

32 பிட் என்பதன் பொருளைக் கணித வகுப்பிலேயே விளக்கலாம். ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 என்ற இரண்டு நிலைகளுள் ஒன்றைக் கொள்ளும். 32 பிட்களால் குறிக்கக்கூடிய முகவரிகள் 2-ன் 32-ம் அடுக்கு, அதாவது 4,29,49,67,296. ஒரு முகவரிக்கு ஒரு பைட் வீதம் இது 4 ஜி.பி. ஆகிறது. எனவே சாதாரண 32 பிட் விண்டோஸில் 8 ஜி.பி. ராம் பொருத்தினாலும் 4 ஜி.பி.-க்கு மேற்பட்டது வீணே. வீதியில் நான்கு வீடுகளுக்கு மட்டும் கதவு எண் இருந்தால், ஐந்தாவது வீட்டுக்குக் கடிதம் சேராததைப் போன்றது இது. ஆனால் 32 பிட் இயங்கு தளம் இருப்பதனால் ப்ராஸசரும் 32 பிட் என்று முடிவு செய்யலாகாது. 64 பிட் ப்ராஸசரில் 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருப்பது பல இடங்களில் உண்டு. ப்ராஸசரின் மாதிரி எண்ணைக் கொண்டே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

தாமதம் எங்கே பிறக்கிறது?

உதாரணமாக, 2012-ம் ஆண்டைச் சேர்ந்த மூன்றாம் தலைமுறை கோர் ஐ3 ப்ராஸசரும், 2 ஜி.பி. ராமும், நிமிஷத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கும் கொண்ட ஒரு கணிப்பொறியை எடுத்துக்கொள்வோர் முதலில் ப்ராஸசரையே குறை கூறுவர். கடிதம் எழுதவும், பட்டியல் தயாரிக்கவும், இணையப் பக்கங்களைப் பார்க்கவும் அந்த ப்ராஸசர் இன்றும் போதுமானதே. தாமதத்திற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் வட்டுதான்.

நிமிஷத்திற்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 8.3 மில்லி வினாடி. தேவையான செய்தி ஊசிமுனைக்கு நேராக வருவதற்குச் சராசரி அரைச் சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். ஊசிமுனை உரிய தடத்திற்கு நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9 மில்லி வினாடி செல்லும். ஆகவே வட்டின் வெவ்வேறு மூலைகளில் உள்ள சிறு கோப்புகளை வினாடிக்கு 80 என்ற அளவில்தான் தேடி எடுக்க முடியும். இயங்கு தளம் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் சாதனத்தில் சுழலும் வட்டும் இல்லை; நகரும் ஊசிமுனையும் இல்லை. செய்தி மின்னணுச் சில்லுகளில் பதிந்துள்ளது. எடுப்பதற்கு ஆகும் தாமதம் ஒரு மில்லி வினாடியில் சிறு பகுதியே. பழைய மதர்போர்டுகளில் சில வினாடிக்கு 300 எம்.பி. அளவுக்கு மேல் செய்தியைக் கடத்த இயலாதவை. அவற்றில் எஸ்.எஸ்.டி.-யின் முழு வேகமும் கிட்டாது. ஆயினும் கவலை வேண்டுவதில்லை. தொல்லை கொடுத்தது கடத்தும் வேகமன்று, தேடும் தாமதமே, அது நீங்கிவிடுகிறது.

அடுத்தது ராம். 2 ஜி.பி. நிறைந்தவுடன் இயங்கு தளம் மிகுந்ததை வட்டில் எழுதி, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. சுழலும் வட்டின் தாமதம் இங்கும் குறுக்கிடுகிறது. 8 ஜி.பி. ஆக உயர்த்தினால் அலுவலக வேலைக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் ராமில் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 ஆகியவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. மின் அழுத்தமும் முறையே 1.8, 1.5, 1.2 வோல்ட் என வேறுபடுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பலவந்தமாக அழுத்தினால் மதர்போர்டு பாழாகும். பழைய ராம் துண்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே வகை பார்த்து வாங்குவதே உத்தமம்.

செலவில்லாத இரண்டு சிகிச்சைகளும் உண்டு. ப்ராஸசர் மீதுள்ள விசிறியில் தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது; வெப்பம் மிகும்போது ப்ராஸசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினாலே சில யந்திரங்கள் உயிர்பெறும். மற்றொன்று, மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி. இது தீர்ந்துவிட்டால் கணிப்பொறியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது பாதுகாப்பான இணையத் தளங்கள், தம் சான்றிதழ் செல்லாது என்று கூறித் திறக்க மறுக்கும். இணையம் பழுது என்று எண்ணிப் பலர் வீணே அலைவதுண்டு. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு சிறு பாட்டரியே பரிகாரம்.

விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள்

2021-ம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 முன்னையவற்றைவிடக் கண்டிப்பானது. 64 பிட் ப்ராஸசர், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு இடம், யூ.இ.எஃப்.ஐ. முறையில் பாதுகாப்பான துவக்கம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவற்றை அது கேட்கிறது. 32 பிட் பதிப்பு அதற்கு இல்லை. அன்றியும், சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் ப்ராஸசர்களில் 2017-ல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன.

2018-க்குப் பின் வாங்கிய கணிப்பொறியும் "டி.பி.எம். இல்லை" என்று கூறுமானால் உடனே மனம் தளர வேண்டியதில்லை. அக்காலத்திய பல மதர்போர்டுகளில் அவ்வசதி உள்ளேயே அமைந்து, ஆனால் அணைக்கப்பட்டு இருக்கும். துவக்க அமைப்பினுள் சென்று, இன்டெல் யந்திரமானால் "பி.டி.டி." என்றும், ஏ.எம்.டி. யந்திரமானால் "எஃப்.டி.பி.எம்." என்றும் உள்ளதை இயக்கினால் போதும். வட்டு பழைய எம்.பி.ஆர். முறையில் பங்கிடப்பட்டிருந்தால் அதை ஜி.பி.டி. முறைக்கு மாற்றவும் வேண்டியிருக்கும்.

மேற்சொன்ன 2012-ம் ஆண்டு யந்திரம் இத்தகுதித் தேர்வில் தேறாது. தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ நிறுவும் உபாயங்கள் வழக்கில் உள்ளன. ஆனால் அவ்வாறு நிறுவிய யந்திரங்களுக்குத் திருத்தங்கள் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்துள்ளது. திருத்தங்களுக்காகவே இயங்கு தளத்தை மாற்றுகிறவர்கள், திருத்தம் நிச்சயமில்லாத வழியை நாடுவது பொருத்தமன்று.

லினக்ஸ் என்னும் மாற்று வழி

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி வைத்த லினக்ஸ், உலகெங்கும் உள்ள நிபுணர்களின் கூட்டு முயற்சியால் வளர்ந்தது. அதை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் முதலிய இயங்கு தளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பழைய யந்திரங்களிலும் திருத்தங்களைப் பெறுகின்றன. மத்திய அரசாங்கத்தின் சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கான வசதிகளுடன் "பாஸ்" என்னும் இயங்கு தளத்தை 2007-ல் வெளியிட்டது. கேரள அரசின் "கைட்" நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனவே ஓர் இயங்கு தளத்தைத் தயாரித்து அளித்துள்ளது. ஆகவே பள்ளிகளில் லினக்ஸ் என்பது சோதனை நிலையில் உள்ள புதுமையன்று, பழகிப்போன முறையே.

இவ்வழியின் குறைகளையும் கூறுதல் அவசியம். சில அலுவலகங்களுக்கெனத் தயாரிக்கப்பட்ட மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். சில அச்சுப்பொறிகளுக்கும், மின் கையொப்பச் சாவிகளுக்கும், கைரேகைக் கருவிகளுக்கும் லினக்ஸில் இயக்கும் மென்பொருள் கிட்டாது. "லிப்ரே ஆபீஸ்" மூலம் பழைய கடிதங்களைத் திறக்கலாம். ஆனால் சிக்கலான அட்டவணைகளின் அமைப்புச் சற்று இடம் பெயரலாம்.

நல்வாய்ப்பாக, நிறுவுமுன்பே சோதித்துப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு. 8 ஜி.பி. கொண்ட ஒரு பென் டிரைவில் அதைப் பதிந்து, அதிலிருந்தே கணிப்பொறியைத் துவக்கலாம். "நிறுவுக" என்பதைத் தொடாதவரை வட்டிலுள்ள எதுவும் மாறாது. இவ்வாறு துவக்கி, அச்சிடுதல், தமிழில் தட்டச்சு, ஒலி, இணையம் ஆகிய நான்கையும் சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

செய்முறை

சர்க்கார் உடைமையைத் திறக்குமுன் அலுவலகத் தலைவரின் எழுத்து மூலமான அனுமதியைப் பெறுவது முதல் கடமை. கழற்றிய உறுப்பும் சேர்த்த உறுப்பும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

இரண்டாவது, கோப்புகளைப் பிரதி எடுத்தல். வெளி வட்டு ஒன்றில் பிரதி எடுத்தபின், வேறொரு கணிப்பொறியில் அதைத் திறந்து, கோப்புகள் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று கொள்ளலாகாது.

மூன்றாவது, பாதுகாப்பு. மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கி, பின்னர் கணிப்பொறியின் விசையை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தைப் போக்க வேண்டும். உறுப்புகளைத் தொடுமுன் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலை மின்சாரத்தை இறக்க வேண்டும். மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின் அழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

நான்காவது, பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்காமல் இணைப்பை மட்டும் கழற்றி, எஸ்.எஸ்.டி.-யை அதன் இடத்தில் பொருத்தி, புதிய இயங்கு தளத்தை அதில் நிறுவ வேண்டும். இதனால் தவறுதலாகப் பழைய கோப்புகள் அழியும் அபாயம் இல்லை. புதிய ஏற்பாடு ஒத்துவராவிடில் பழைய வட்டையே மீண்டும் இணைத்து, ஒரு மணி நேரத்தில் முன்னைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு மாதம் வரை குறை எதுவும் தோன்றாவிடில் பழைய வட்டைச் சேமிப்புக்கு உபயோகிக்கலாம்.

பழைய தமிழ்க் கோப்புகள்

தமிழில் அலுவல் நடத்தும் இடங்களில் மற்றொரு சிக்கல் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன், தமிழ்க் கோப்புகள் பல்வேறு எழுத்துரு முறைகளில் தட்டச்சிடப்பட்டன. அவற்றில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இடங்களில் அமர்த்தப்பட்டிருந்தன. புதிய இயங்கு தளத்தில் அப்பழைய எழுத்துரு இல்லாவிடில் கோப்பு முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று அஞ்சி அழித்துவிடலாகாது. எழுத்துருவையும் பழைய வட்டிலிருந்து பிரதி எடுத்து நிறுவினால் வாசகம் மீண்டும் தோன்றும். பிறகு மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை ஒப்புநோக்கிச் சேமித்தால் எதிர்காலத்திற்கும் கவலையில்லை. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பின்னரும் இத்தகைய பழைய கோப்புகள் அலுவலகங்களில் தங்கியிருக்கின்றன. இயங்கு தளத்தை மாற்றும் சமயமே அவற்றை மாற்றுவதற்கும் உகந்த சமயம்.

எதைக் காப்பது, எதை விடுவது?

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் யந்திரங்கள் மூன்று வகுப்பாகின்றன. 2018-க்குப் பிந்தியவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ளவை, எஸ்.எஸ்.டி.-யும் ராமும் சேர்த்தால் புதியவற்றுக்கு அதிகம் தாழ்ந்தவையல்ல. அதற்கு முந்திய 64 பிட் யந்திரங்கள் லினக்ஸுக்கு ஏற்றவை. மூன்றாவது வகுப்பு, 32 பிட் ப்ராஸசர் கொண்ட மிகப் பழையவை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ல் 32 பிட் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவும் வசதி நிறுத்தப்பட்டது என்பதிலிருந்தே அவற்றின் காலம் முடிந்துவருவதை உணரலாம். அவற்றுக்குப் பணம் செலவிடுவது சிக்கனமன்று. மதர்போர்டில் கொண்டை உப்பிய அல்லது கசியும் கெப்பாசிட்டர்கள் காணப்படும் யந்திரமும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே.

அத்தகைய யந்திரமும் பள்ளியில் ஒரு கடைசிச் சேவை செய்யலாம். உட்பெட்டியை நீக்கிவிட்டு, மற்ற உறுப்புகளை மாணவர் முன் பிரித்துக் காட்டினால், பாடப் புத்தகப் படம் பத்து நாட்களில் கற்பிப்பதை அது ஒரு மணியில் கற்பிக்கும். பின்னர் அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாகாது. அதன் சுற்றுப் பலகைகளில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. திறந்த வெளியில் எரித்து உலோகம் எடுப்போரின் உடல்நலத்தையும் நிலத்தடி நீரையும் அவை கெடுக்கும். உலகில் 2022-ம் ஆண்டில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் எனவும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவிகிதமே எனவும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகிறது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பெரும் அளவில் உபயோகிக்கும் நிறுவனங்கள் கழிவைப் பதிவு பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. சிறு அலுவலகங்களும் பள்ளிகளும் இம்முறையையே பின்பற்றுவது நலம். ஒப்படைக்குமுன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதிலுள்ள செய்திகளை மீட்க முடியாதபடி அழித்தல் அவசியம்.

ஒரு தாள், ஒரு திருப்புளி, ஒரு பென் டிரைவ் ஆகிய மூன்றும் இருந்தால் இச்சோதனையை எந்தப் பள்ளியும் தொடங்கலாம். மூலையில் மூடி வைத்திருக்கும் யந்திரத்தின் ப்ராஸசர் பெயரையும் ராமின் அளவையும் குறித்துக்கொண்டு, அது எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தீர்மானிப்பதற்கு அரை மணி போதும். புதிய ஒதுக்கீட்டிற்கு விண்ணப்பம் எழுதுவதாயினும், அந்த அரை மணி ஆராய்ச்சிக்குப் பின் எழுதப்படும் விண்ணப்பம் எத்தனை யந்திரங்கள் மெய்யாகவே தேவை என்பதைத் திட்டவட்டமாகக் கூறும்; மேலிடத்தின் கவனத்தையும் விரைவில் பெறும்.